ரூத் ஆயா எழுதிய வரி

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கோலாலம்பூரிலிருந்து கட்டணம் பதினான்கு ரிங்கிட். தூரம் நூற்றைம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மழையால் பத்து நிமிடம் தாமதம். இறங்கியதும் இவை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உள்ளே அச்சம் இருக்கும்போது எண்களை எழுதுவது என் பழக்கம்.

அச்சத்துக்குக் காரணம் கைப்பையில் இருந்தது. டுரியான் துங்காலுக்கு அருகே ஒரு தோட்டத்துத் தமிழ்ச் சபை எனக்கு எழுதிய அழைப்புக் கடிதம் அது. எந்தப் பெரிய அமைப்போடும் சேராத, இருபத்து மூன்று குடும்பங்கள் மட்டுமே உள்ள சபை. பாளையங்கோட்டையில் இறையியல் மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகள் கிரேக்கமும் ஆதித் திருச்சபை வரலாறும் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கோலாலம்பூரில் தங்கை வீட்டுக்கு வந்திருப்பதை யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஆதிச் சபையில் பெண்களின் இடம் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்பது கடிதத்தின் முதல் பத்தி. உரை முடிந்ததும் சபைக் குழு கூடி ஒரு ஞானஸ்நானப் பதிவை அடித்துவிடுவது பற்றி முடிவெடுக்கும், கொடுத்தவர் ஒரு பெண் என்பதால் என் விளக்கம் குழுவுக்கு உதவியாயிருக்கும் என்பது இரண்டாம் பத்தி. அந்தக் குழந்தை இப்போது உயிரோடு இல்லை என்பது மூன்றாம் பத்தி.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களைப் பற்றியே வாழ்நாள் முழுதும் பேசி வந்தவள் நான். என் சொல்லால் யார் பெயரும் எங்கும் அழிந்ததில்லை. இம்முறை அழியக்கூடும்.

மலாக்கா நகரின் தெங்கேரா பகுதியில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் அறை எடுத்தேன். இரவுக்கு எழுபது ரிங்கிட். கீழே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. எதிரே ஓடு வேய்ந்த பழைய வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. சன்னலோரம் அமர்ந்து, வேதாகமத்தில் வரும் பெபேயாளை நினைத்துக்கொண்டேன். கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவிலிருந்து, பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தைக் கொண்டுபோனவள் அவளே என்று பெரும்பாலான அறிஞர் கருதுகிறார்கள். பவுல் அவளை ஊழியக்காரி என்றும், பலருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தவள் என்றும் குறிப்பிடுகிறார். கப்பலில் எத்தனை நாள் போனாள், எந்தத் துறையில் இறங்கினாள், போன இடத்தில் அந்தக் கடிதத்தைப் பற்றி மற்றவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னாள், எவரும் எழுதவில்லை. அவளும் அஞ்சியிருப்பாளா என்று வகுப்பில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று மாலை கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. சபைத் தலைவர் தேவராஜ் தம் காரில் வந்தார். அறுபத்தொரு வயது, தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அந்த வேலைக்குக் கிராணி என்று பெயர். ஓய்வுக்குப் பிறகும் எல்லோருக்கும் அவர் கிராணிதான்.

"டீச்சர், சாப்பிட்டீங்களா? சாப்பிட்டாலும் பரவால்ல, வழியில ரொட்டி சானாய் நல்லா இருக்கும் லா," என்றார். மலேசியத் தமிழ்ப் பேச்சில் அந்த 'லா' எதன் முடிவிலும் ஒட்டிக்கொள்ளும்.

சாலையோரக் கடையில் நான்கு ரொட்டி, இரண்டு தேநீர், பதினொரு ரிங்கிட். என்னைப் பணம் எடுக்க விடவில்லை. டுரியான் துங்காலை நோக்கிக் கார் திரும்பியதும் அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

"என்னைக் கெட்டவன்னு நெனச்சிடாதீங்க டீச்சர். பாவம் அந்தப் புள்ள, பத்தொம்பது நாள் குழந்த. ஆனா ரூல் புக்குல தெளிவா இருக்கு. பாஸ்டர் இல்லாத அவசரத்துல 'சபையின் ஆண் அங்கத்தினர் ஒருவர்' கொடுக்கலாம். ஆண். சபையப் பாத்துக்கற ரூத் ஆயா தானே கொடுத்துட்டு, ரெஜிஸ்டர்ல தன் பேரையே எழுதி வச்சிட்டாங்க. இத விட்டா டவுன் சபைக்காரங்க என்ன சொல்வாங்க? 'ஒழுங்கில்லாத சபை, கதவச் சாத்திட்டு எங்ககூட சேந்துடுங்க'ன்னு சொல்வாங்க. அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

அவரும் அஞ்சுகிறார் என்பது அப்போது புரிந்தது. அஞ்சுகிற மனிதரிடம் வாதாடுவது எனக்கு எப்போதுமே கைவராத வேலை.

"எனக்கே பொறந்த நாலாம் நாள் மூச்சு நின்னுடுச்சாம்," என்று சற்றுப் பெருமையோடு தொடர்ந்தார். "அப்ப வெள்ளம். ரோடு இல்ல. பாஸ்டர் ரப்பர் பால் லோரியில தொத்திக்கிட்டு வந்து எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தாராம். எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லுவாங்க. ரெஜிஸ்டர்ல இருக்கு, காட்டுறேன் பாருங்க."

தார்ச்சாலை முடிந்து செம்மண் வழி தொடங்கியது. ரப்பர் மரங்கள் போய் இப்போது எல்லாம் செம்பனை, எண்ணெய்க்கான பனை. மட்டைகள் மேலே கோத்துக்கொண்டிருப்பதால் காலை ஒன்பது மணிக்கே அடியில் மாலை இருட்டு. ஒரு சிறு பாலம்; அதன் கைப்பிடியில் பழைய வெள்ளத்தின் சேற்றுக்கோடு என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பாலத்தைத் தாண்டும்போது கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். தாண்டிய பிறகும் விடவில்லை.

சபைக் கட்டடம் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டது. மூன்று பக்கமும் செம்பனை, நான்காம் பக்கம் கல்லறைகள். மூலையில் ஈரம் மாறாத ஒரு சிறிய மேடு இருந்தது. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

தேவராஜ் பழைய பதிவேட்டை எடுத்துத் தம் பக்கத்தைச் சரியாகத் திறந்து வைத்தார். பலருக்கும் காட்டிப் பழகிய பக்கம்; மூலை மடிந்திருந்தது. "மூணாவது லைன்," என்று சொல்லிவிட்டு, கூரை ஒழுகும் இடத்தைப் பார்க்க வெளியே போனார்.

நான் படித்தேன். பழைய ஏடுகளைப் படிப்பது என் தொழில். எழுதியவர் சொல்ல வந்ததைப் படித்த பிறகு, சொல்ல வராததையும் கண் தானாகத் தேடும். அந்தப் பக்கத்தில் ஐந்து குழந்தைகள். அக்டோபரில் ஒன்று, நவம்பரில் இரண்டு, டிசம்பரில் ஒன்று, சனவரியில் ஒன்று. பெயரும் தேதியும் ஓரிடத்தில் பென்சிலிலும், ஓரிடத்தில் நீல மையிலும், ஓரிடத்தில் கறுப்பு மையிலும் எழுதப்பட்டிருந்தன. 'கொடுத்தவர்' என்ற கட்டத்தில் மட்டும் ஐந்திலும் போதகரின் கையெழுத்து, ஒரே ஊதா மையில், ஒரே சாய்வில். ஐந்தாவதன் வால் நான்காவதன் ஈரத்தில் பட்டு இழுபட்டிருந்தது. நான்கு மாதத்துக் கையெழுத்துகள் ஒரே அமர்வில் போடப்பட்டிருக்கின்றன. அந்தத் தேதிகளில் போதகர் அங்கே இருந்திருந்தால் அன்றன்றே கையெழுத்திட்டிருப்பார்.

புதிய பதிவேட்டின் கடைசி வரியையும் பார்த்தேன். 'ஹன்னா. பத்தொன்பது நாள். கொடுத்தவர்: ரூத், ஆயா. சாட்சி: லெட்சுமி.' பந்துமுனைப் பேனாவில், பள்ளிக்கூடக் கையெழுத்தில், அழுத்தி எழுதிய வரி. தாளின் பின்பக்கம் விரல் வைத்தால் தட்டுப்பட்டது.

அந்நேரம் ரூத் ஆயா தட்டில் தேநீர்க் குவளையோடு உள்ளே வந்தார். மெலிந்த உடல், அறுபதை ஒட்டிய வயது, இடுப்பில் சபையின் சாவி. தோட்டங்களில் தாய்மார் ரப்பர் மரங்களில் பால் எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் கொட்டகைக்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டவர் இவர். கொட்டகை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும் பெயர் நிலைத்துவிட்டது.

ஊதா மையைச் சுட்டிக்காட்டி, "இந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் கொடுத்தது யார்?" என்று கேட்டேன்.

அவர் முதலில் வாசலைப் பார்த்தார். "அன்னம்மா ஆயா. எனக்கு முந்தி கொட்டாய அவங்கதான் பாத்தாங்க. புள்ளைங்களுக்கு முடியாமப் போனா அவங்கதான் தண்ணி ஊத்துவாங்க. பாஸ்டர் மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. வந்தா டீ குடிச்சிட்டு, மொத்தமா சைன் போட்டுட்டுப் போவாரு. அதான் பழக்கம் டீச்சர். யாரும் ஒன்னும் கேட்டதில்ல."

"கிராணிக்கும் அப்படித்தானா?"

"சொல்லிடாதீங்க டீச்சர்." குவளையை என் முன்னால் வைத்தார். "அந்த லோரிக் கதைய அவரு பேரப்புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்காரு."

"எல்லோரும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் பெயர் எழுதினீர்கள்?"

"பாஸ்டர் பிப்ரவரிக்குத்தான் வருவாருன்னாங்க. அதுவரைக்கும் அந்தக் கட்டம் காலியா கெடக்கும்ல. பாக்கப் பயமா இருந்துச்சி. யாராச்சும் ஒருத்தர் பேரு பக்கத்துல இருந்தா புள்ளைக்குத் தொணையா இருக்கும்னு எழுதிட்டேன். அது இவ்ளோ பெரிய தப்பாகும்னு தெரியாது." சேலை முனையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் செஞ்சது வெறும் ஜெபம், ஞானஸ்நானம் இல்லன்னு நாளைக்குச் சைன் போடச் சொல்றாங்க. போட்டுடலாம்னு இருக்கேன். எனக்கு இருக்கறது இந்தச் சாவி ஒன்னுதான். அதையும் வாங்கிட்டா ஞாயித்துக்கெழம நான் எங்க போவேன்?"

ரூத்தின் வரி செல்லாது என்றால் ஊதா வரிகள் ஐந்தும் செல்லா. தலைவரின் வரியும் செல்லாது. அறிஞர்கள் இத்தகைய கண்டுபிடிப்பைக் கொண்டாடுவார்கள். எனக்கோ பதிவேட்டை மூடி வைத்துவிடத் தோன்றியது. ஒரு மனிதருக்கு அவருடைய தாய் விட்டுச்சென்ற கதை அது.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு, சாட்சியாகப் பெயர் எழுதப்பட்டிருந்த லெட்சுமி தன் சிறிய காரில் என்னையும் ரூத் ஆயாவையும் சுங்கை ரம்பாய்க்கு அழைத்துப் போனாள். குழந்தையின் தாய் செல்வி அங்கே தன் தாய்வீட்டில் இருந்தாள். லெட்சுமி, தோட்டத்தில் செல்வியின் பக்கத்து வீட்டுக்காரி, இந்துக் குடும்பம், டுரியான் துங்காலில் ஒரு பேரங்காடியில் வேலை, வயது நாற்பத்தைந்து இருக்கும்.

"அக்கா, பெல்ட்டு போட்டுக்கோங்க. அது புடிக்காது, சும்மா அழகுக்குத்தான். ஆனா போலீசு பாத்தா வேணும் லா," என்றாள்.

ஜாசின், மெர்லிமாவ் வழியாக நாற்பத்தைந்து கிலோமீட்டர். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஜாசினைத் தாண்டியதும், நான் கேட்காமலே, அன்று நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். பின்னிருக்கையில் ரூத் ஆயா சன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"சாயங்காலம் நாலு மணி. பாலத்து மேல தண்ணி. செல்வி புருசன் ஜொகூருக்கு லோரி ஓட்டப் போயிட்டான். கிராணியாருக்குப் போன் போட்டோம், லைன் இல்ல. ஆம்புலன்சு அந்தப் பக்கம் நிக்குது, இந்தப் பக்கம் வர முடியல. புள்ள நெறம் மாறிடுச்சி. ஆயா என்னைப் பாத்து, 'லெட்சுமி, நீதான் சாட்சி'ன்னாங்க. நான், 'ஆயா, நான் மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்கறவ, என்னையப் போயி'ன்னேன். 'கண்ணு இருக்குல்ல, பாரு'ன்னாங்க. பாத்தேன். பிளாஸ்க் மூடியில தண்ணி. மூணு தடவ ஊத்துனாங்க. கை நடுங்குச்சி, குரல் நடுங்குச்சி. பேரு மட்டும் நடுங்காமச் சொன்னாங்க."

பெண்ணின் சாட்சியம் மன்றங்களில் ஆணுடையதற்கு நிகராக எண்ணப்படாத ஓர் உலகத்தில், கல்லறை காலியாக இருந்ததை முதலில் பார்த்துச் சொன்னவர்கள் பெண்கள் என்றே நற்செய்திகள் நான்கும் கூறுகின்றன. கேட்ட ஆண்கள் முதலில் நம்பவில்லை. இதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். தீச்சட்டி எடுக்கும் ஒருத்தி கியர் மாற்றியபடி சொல்லும்போதுதான் அதன் எடை தெரிந்தது.

செல்விக்கு இருபத்தேழு வயது. அவளுடைய தாய்வீடு ஜொகூர் எல்லைக்கு மிக அருகில்; பின்வாசலில் நின்றால் அடுத்த மாநிலத்தின் தென்னைகள் தெரியும். நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். தரையைப் பார்த்தபடி கேட்டாள்:

"ஆன்ட்டி, பேர அடிச்சிட்டா அவ எங்க போவா?"

என் மாணவர் எவரும் கேட்காத கேள்வி. இறைவனின் இரக்கம் பதிவேட்டைப் பார்த்து நடப்பதில்லை என்று சொன்னேன். அது உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் என் குரலில் அது பாடப்புத்தக வரியாகக் கேட்டது. அவள் முகமும் அப்படித்தான் அதை வாங்கிக்கொண்டது.

"அப்படின்னா எதுக்கு அடிக்கணும்? முக்கியமில்லாததுன்னா சும்மா வுட்றலாமே," என்றாள்.

நாளைக்கு வா என்று மட்டும் சொன்னேன்.

"வந்தா, அடிக்கறதயும் பாக்கணுமே ஆன்ட்டி."

ரூத் ஆயா அவள் பக்கத்தில் அமர்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிடப் போவதை அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஏழரை மணிக்குத் தேவராஜ் வந்தார். டுரியான் துங்கால் நீர்த்தேக்கத்தை ஒட்டிச் சாலை வளையும் இடத்தில், "பழைய பதிவேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு வலிக்கும்," என்றேன். ரூத் ஆயா சொன்ன எதையும் சொல்லவில்லை. மை காட்டியதை மட்டும் சொன்னேன். ஆயினும் சொல்லாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதை நான் மீறிவிட்டேன் என்பதே உண்மை. செய்தது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கூட்டத்தின் நடுவே தெரிவதைவிடக் காரில் தெரிவது மேல் என்று எண்ணினேன்.

தேவராஜ் காரை ஓரம் கட்டினார்.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க."

"சொல்லியிருக்க மாட்டார்கள். போதகர் லாரியில் வந்தது மெய்யாகவே இருக்கலாம். எந்த நாள் வந்தார் என்பதுதான் கேள்வி."

"அப்ப யாரு?"

"அந்தப் பக்கத்தில் அது எழுதப்படவில்லை."

மீதி ஆறு கிலோமீட்டரையும் மெதுவாக ஓட்டினார். சபை வாசலில் இறங்கும்போது, வழக்கமாக எனக்குக் கதவு திறந்துவிடுகிறவர், திறக்காமல் நடந்துபோனார்.

ஆராதனை முடியப் பத்தரை மணி. நாற்பது பேர் இருப்பார்கள். பெண்கள் இடப்பக்கம், முக்காட்டோடு. செல்வி கடைசி வரிசையில், வாசலை ஒட்டி. லெட்சுமி வாசலுக்கு வெளியே குடையோடு. நான் எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்காலத்துச் சபைகள் வீடுகளில் கூடின, வீட்டை நடத்தியவர் பெண்ணாயிருந்தால் சபைக்குக் கதவு திறந்தவரும் அவரே என்பதிலிருந்து தொடங்கினேன். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய ஒரே நிருபம் ஓரிடத்தில் பெண்கள் முக்காடிட்டு ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடப்பதாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறது. வேறோரிடத்தில் பேசாதிருக்கச் சொல்கிறது. இரண்டையும் மறைக்காமல் படிக்க வேண்டும் என்றேன். ரோம உலகில் முக்காடு மதிப்புள்ள இல்லத்தரசியின் அடையாளம். அடிமைப் பெண்ணுக்கு அந்த மதிப்பு கிடையாது. அடிமைப் பெண்களும் கூடிய ஒரு சபையில் எல்லாப் பெண்களும் முக்காடிடுவது என்றால், அங்கிருந்த சிலருக்கு அது கட்டுப்பாடாக மட்டும் இருந்திருக்காது என்றேன். சில முக்காடுகள் நிமிர்ந்தன.

ஆளுநர் ஒருவர் தம் பேரரசருக்கு எழுதிய கடிதத்தைச் சொன்னேன். கிறிஸ்தவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று அறிய, சபையில் ஊழியக்காரிகள் எனப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை அவர் வதைத்து விசாரித்தார். சபைக்காக அடிபட்ட அந்த இருவரின் பெயரை அவர் எழுதவில்லை. நமக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

தேவராஜ் எழுந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "அந்தக் காலத்துல பொம்பளைங்க ஞானஸ்நானம் கொடுத்தாங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர்."

"ஒரே வார்த்தையில் சொன்னால் பொய்யாகிவிடும்," என்றேன். "சிரியாவில் எழுதப்பட்ட பழைய சபை ஒழுங்கு ஒன்று, ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் இறங்கும் பெண்களுக்கு எண்ணெய் பூசுவதைப் பெண்களிடம் ஒப்படைக்கிறது, ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்று தடுக்கிறது. வட ஆப்பிரிக்காவிலும் ஒருவர் கோபத்தோடு இதைத் தடுக்கிறார். தடை இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் யாரும் செய்யாத ஒன்றை எவரும் இத்தனை கோபமாகத் தடுப்பதில்லை. யாரோ செய்திருக்கிறார்கள். எங்கே, எத்தனை பேர், எந்த அவசரத்தில் என்று தெரியாது. தெரியாததற்குக் காரணம், அவர்கள் இல்லாமலிருந்தது அல்ல. அவர்கள் பெயரை எவரும் எழுதாதது."

அமர்ந்தேன்.

குழு அங்கேயே கூடியது. ஐந்து ஆண்கள், ஒரு மேசை, இரண்டு பதிவேடுகள், ஓர் அடிக்கோல், ஒரு சிவப்புப் பேனா, ரூத் ஆயா கையெழுத்திட வேண்டிய தாள். கூட்டத்தில் எவரும் எழுந்து போகவில்லை. ரூத் ஆயா முன்னே வந்து, சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, கேட்பதற்கு முன்பே மேசையில் வைத்துவிட்டார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார். கடைசி வரிசையில் செல்வி எழுந்து நின்றாள்.

தேவராஜ் பேனாவைத் தராமல் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆயா. எனக்கு யாரு கொடுத்தா?"

ரூத் ஆயா என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன்.

"சும்மா சொல்லுங்க. கேக்குறேன்ல."

"அன்னம்மா ஆயா, கிராணி ஐயா. அவங்களே எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. நீங்க உங்கம்மா மடியில இருந்தீங்களாம். வெள்ளம் வடிஞ்சப்புறம் பாஸ்டர் லோரியில வந்தாராம். அது நெசந்தான். உங்கம்மா பொய் சொல்லல."

குழுவில் ஒருவர், "அப்படின்னா உங்க ஞானஸ்நானமே..." என்று தொடங்கினார்.

"கொஞ்சம் இரு லா!" என்றார் தேவராஜ். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னம்மா ஆயா எனக்கு மூக்குச் சிந்தி வுடுவாங்க. முந்தானையில. அவங்க செத்தப்ப நான் ஓப்பிசுல வேலை இருக்குன்னு பொதைக்கக்கூட வரல." கண்ணாடியைத் துடைத்தார். "அறுபத்தொரு வருசம் இந்தச் சபையில இருந்திருக்கேன். எனக்கு நடந்தது ஞானஸ்நானம் இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

பழைய பதிவேட்டை இழுத்தார். மடிந்த மூலை தானாகத் திறந்தது. அடிப்பதற்கென்று கொண்டுவந்த சிவப்புப் பேனாவால், மூன்றாவது வரியில், ஊதாக் கையெழுத்தின் கீழே, கிராணியின் நிதானமான எழுத்தில், 'அன்னம்மாள், ஆயா' என்று எழுதினார். புதிய பதிவேட்டைத் திறக்காமலே தள்ளி வைத்தார்.

"பிப்ரவரியில பாஸ்டர் வரட்டும். பேசுவோம். அதுவரைக்கும் இந்த லைன்ல யாரும் கை வைக்கக்கூடாது. ஆயா, சாவிய எடுங்க."

இதை வெற்றி என்று எழுத மாட்டேன். குழுவில் இருவர் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். பிப்ரவரிக்கு அதிக நாள் இல்லை. கையெழுத்து விழாத அந்தத் தாளில், லெட்சுமி எனக்கு வழிக்கு நான்கு கறிபாப் பலகாரம் சுற்றிக் கொடுத்தாள். "நல்ல தடிப்பான பேப்பர் அக்கா, எண்ணெ கசியாது," என்றாள். ரூத் ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த மூன்று நாளில் நான் பார்த்த ஒரே சிரிப்பு.

புறப்படும்போது செல்வி புதிய பதிவேட்டின் அருகே நின்று கைப்பேசியால் ஹன்னாவின் வரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று முறை. என் எண்ணைக் கேட்டு வாங்கி எனக்கும் அனுப்பினாள்.

"நாளைக்கு யாராச்சும் மனசு மாறிட்டா ஆன்ட்டி? ரெண்டு எடத்துல இருக்கட்டும்."

மாலை ஐந்து மணிப் பேருந்து. கட்டணம் அதே பதினான்கு ரிங்கிட். பாளையங்கோட்டையில் என் திருச்சபையின் பதிவேடுகள் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. பார்க்க விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் ஏழாம் மாதத்தில் பிறந்தவள், பிழைப்பேன் என்று எவரும் நினைக்கவில்லை என்று என் தாய் சொல்வார். என் பெயருக்கு நேரே ஒரு போதகரின் கையெழுத்து இருக்கிறது என்று தெரியும். அது எந்த மையில் இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. ஊர் போனதும் பார்க்க வேண்டும் என்று நினைத்தபோதே, வெள்ளிக்கிழமையின் அச்சம் திரும்பி வந்தது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் படம் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்தேன். இருந்தது. கைப்பேசிகள் தொலையும், உடையும். பழங்காலத்தில் தப்பிப் பிழைத்த எழுத்தெல்லாம், எவரோ ஒருவர் உட்கார்ந்து இன்னொரு படி எடுத்ததால் பிழைத்தவை. குறிப்பேட்டை மடியில் வைத்து, கட்டணமும் தூரமும் எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டி, புதிய பக்கத்தில், பேருந்தின் குலுக்கலில் எழுத்து சிதையாதபடி, மெதுவாக, மூன்றாவது படியை எழுதினேன்.

ஹன்னா. பத்தொன்பது நாள். கொடுத்தவர்: ரூத், ஆயா. சாட்சி: லெட்சுமி.